சூளை இல்லாத குயவர்: ஹெய்யான் தோஃபுகுஜியின் குட்டித் தொட்டிகள்

போன்சாய், அதாவது தொட்டியில் குட்டையாக வளர்க்கும் மரங்களுக்கு, சின்னஞ்சிறு தொட்டி செய்தவர்களில் யார் பெரியவர் என்று ஜப்பானில் போன்சாய் வளர்ப்பவர்களிடம் கேட்டால், பலர் வாயில் முதலில் வருகிற பெயர் ஹெய்யான் தோஃபுகுஜி. உள்ளங்கையில் அடங்கிவிடும் அவருடைய தொட்டிகள் இன்று லட்சக்கணக்கான யென்னுக்குக் கைமாறுகின்றன. உள்ளே நிற்கும் மரத்தைவிடத் தொட்டியின் விலை அதிகமாக இருப்பதும் உண்டு. ஆனால் அவற்றைச் செய்த மனிதருக்குச் சொந்தமாக ஒரு சூளை இருந்ததில்லை. பலரும் பங்கு போட்டுக்கொண்ட பொதுச் சூளையில் வாடகைக்குக் கிடைத்த இடத்தில் வைத்துச் சுட்டு எடுத்தார். வறுமையிலேயே வாழ்ந்து முடித்தார்.

இயற்பெயர் மிசுனோ கிசாபுரோ. 1890-இல் பிறந்து 1970-இல் மறைந்தார். கியோட்டோவின் தென்கிழக்கில் தோஃபுகுஜி என்ற பெரிய ஜென் கோயில் இருக்கிறது. 1236-இல் தொடங்கப்பட்டது. இலையுதிர் காலத்தில் அங்குள்ள மேப்பிள் மரங்கள் சிவப்பதைப் பார்க்க இன்றும் கூட்டம் அலைமோதும். அந்தக் கோயிலை ஒட்டிய பகுதியில் குடியிருந்தவர், கோயிலின் பெயரையே தொட்டியின் அடியில் முத்திரையாகக் குத்தினார். முன்னால் வரும் ஹெய்யான், கியோட்டோவின் பழைய பெயர். கியோட்டோத் தொட்டிக் கலைஞர்கள் பலர் அதை ஊர்ப்பெயராகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் கதையைப் பெரும்பாலும் ‘வறுமையிலும் கலை வளர்த்தார்’ என்ற தோரணையில்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் திருப்தி இல்லை. அவருடைய தொட்டிகள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதற்குக் கண்ணால் பார்க்கக்கூடிய காரணங்கள் இருக்கின்றன. வாடகைச் சூளை ஒன்று, தொட்டியின் அளவு ஒன்று, அந்தக் காலத்தில் மாறிக்கொண்டிருந்த போன்சாய் ரசனை இன்னொன்று. இவை அத்தனையும் ஒரே ஆள் கையில் வந்து கூடின. அதைப் புரிந்துகொண்டு பார்த்தால் அவர் வேலையின் மேல் மதிப்பு கூடத்தான் செய்கிறது.

முதலில் போன்சாய்த் தொட்டிக்கு என்ன வேலை என்று பார்த்துவிடலாம். மரம் பல பத்தாண்டுகள் ஆழமில்லாத கொஞ்ச மண்ணிலேயே வாழ வேண்டும். சில வருடங்களுக்கு ஒருமுறை வேர்க்கட்டியை மொத்தமாக வெளியே எடுத்து, வேர்களைக் கத்தரித்து, மண்ணை மாற்றித் திரும்ப வைப்பார்கள். வாய் உள்நோக்கிக் குறுகிய தொட்டியில் இது பெரும்பாடு, வேர்க்கட்டி முழுசாக வெளியே வராது. உள்ளே அடித்தளம் சமமாக இருக்க வேண்டும். எங்காவது குழிந்திருந்தால் தண்ணீர் தேங்கி அங்கே வேர் அழுகும். வடிகால் துளை பெரிதாக வேண்டும். அதோடு கம்பி கோக்கவும் வழி வேண்டும். ஆழமில்லாத மண்ணில் நிற்கிற மரம் காற்றில் ஆடிவிடும் என்பதால் வேரைக் கம்பியால் தொட்டியோடு பிணைத்துக் கட்டுவார்கள். கால்கள் பார்க்க அழகாக இருக்கும், உண்மைதான். ஆனால் அவை இல்லாவிட்டால் அடியில் காற்றும் போகாது, தண்ணீரும் ஒழுங்காக இறங்காது. சூளைச் சூட்டில் கண்ணாடிபோல் உருகி ஒட்டும் பளபளப்பான மெருகுப் பூச்செல்லாம் வெளிப்புறத்துக்குத்தான். மண்ணும் வேரும் தொடும் உட்புறத்தை வெறுமையாக விட்டுவிடுவார்கள்.

அப்புறம் குளிர். தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட ஒன்பது சதவீதம் விரியும். அரைகுறையாக வெந்த மண் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். உறைபனி இரவில் அது விரிந்தால் தொட்டி செதில் செதிலாக உரியும், இல்லாவிட்டால் பிளந்தே போகும். எனவே 1,200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் மண் நன்றாக வெந்து இறுகியிருக்க வேண்டும். அந்தச் சூட்டில்தான் தட்டையான தொட்டி நெளிய ஆரம்பிக்கும்.

ஒரு செவ்வகத் தொட்டி உருவாவதைக் கிட்டத்தில் நின்று பார்த்தால் சிரமம் புரியும். பிசைந்த மண்கட்டியின் இரு பக்கமும் ஒரே கனமுள்ள மெல்லிய பலகைகளை அடுக்கி, அவற்றின் மேல் படிந்தபடி கம்பியை இழுத்து மண்ணை அறுக்கிறார்கள். பக்கத்துக்கு ஒரு பலகையை எடுத்துவிட்டு மறுபடி இழுத்தால் அடுத்த தகடு. இப்படி எல்லாத் தகடும் ஒரே தடிமனில் வரும். கொஞ்சம் இறுகியதும் ஓரங்களைச் சீவி, கீறல் போட்டு, மண்கூழ் தடவி ஒட்டுகிறார்கள். மூலைகள்தான் கண்டம். இரண்டு சுவர்களும் அடித்தளமும் சந்திக்கிற அந்த இடத்தில் ஒரு பக்கம் சீக்கிரம் காய்ந்து மறுபக்கம் ஈரமாக இருந்தால் வெடிப்பு நிச்சயம். துணியோ தாளோ போட்டு மூடி, நாள்கணக்கில் மெதுவாக உலர விடுவார்கள். காய்வதிலும் வேவதிலுமாகத் தொட்டி பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கிவிடும். அகலமான தொட்டியை அதே மண்ணில் செய்த ஒரு தகட்டின் மேல் வைத்துத்தான் சூளைக்குள் ஏற்றுவார்கள். இரண்டும் சேர்ந்து சுருங்குவதால் கால்கள் இழுபடாது. சுட்டு முடித்தபின் அந்தத் தகட்டுக்கு வேலை இல்லை, தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் தொட்டி மரத்தை மீறி நிற்கக் கூடாது. ஊசியிலை மரங்களான பைன், ஜுனிபருக்கு மெருகு பூசாத பழுப்பு, செங்கரும் நிறத் தொட்டி. இலையுதிர்க்கும் மரம், பூக்கிற மரம், காய்க்கிற மரம் என்றால் வண்ண மெருகு. தொட்டியின் நீளம் மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு, ஆழம் அடிமரத்தின் தடிமன் அளவு என்று ஒரு கைக்கணக்கும் உண்டு. சிவப்புக் காய் தொங்கும் மரத்துக்கு நீலத் தொட்டி வைத்தால் காய் எடுப்பாகத் தெரியும். மேப்பிளுக்கு வெளிர் மஞ்சளோ வெண்மையோ வைப்பார்கள். தொட்டி செய்கிறவர் எந்த மரம் வரப்போகிறது என்று தெரியாமலேயே அதற்கு இடம் விட்டுச் செய்கிறார். நான் இந்தக் கலையை மதிக்க முதல் காரணம் இதுதான்.

மிசுனோ இந்தத் தொழிலுக்கு வந்த காலத்தில் ஜப்பானியத் தொட்டிக்கு அவ்வளவு மதிப்பு இல்லை. நல்ல மரம் வைத்திருப்பவர் தேடியது சீனத் தொட்டி. அதிலும் தேநீர்க் கூஜாக்களுக்குப் பேர்போன, ஜியாங்சு மாகாணத்து யீஷிங் ஊரின் மெருகிடாத தொட்டிகள். அந்த ஊர் மண்ணுக்குச் சிவப்பு, ஊதா, வெண்மை, கருமை என்று பல நிறங்கள் இயல்பாகவே உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் சீன இலக்கியவாணர்களைப் பின்பற்றித் தேநீர் அருந்தும் பழக்கம் ஜப்பானியப் படித்த வர்க்கத்திடம் பரவியபோது, கூஜாவோடு தொட்டியும் கப்பலேறி வந்தது. அவற்றை ஜப்பானியர்கள் எப்போது வந்தன என்பதை வைத்து மூன்றாகப் பிரிக்கிறார்கள். ஏறத்தாழ எடோ காலம் (1603–1868) முடியும்வரை வந்தவை கோவாதாரி. மெய்ஜி காலத்தை (1868–1912) ஒட்டி வந்தவை நாகாவாதாரி. 1910-களுக்குப் பிறகு, பெரும்பாலும் ஜப்பானிய வணிகர்கள் அளவும் வடிவமும் சொல்லிச் செய்வித்து இறக்கியவை ஷின்தோ. இந்தப் பாகுபாடு இன்றும் விலையைத் தீர்மானிக்கிறது. கோவாதாரி ஒன்றில் நிற்கும் பைன் மரத்துக்குக் கண்காட்சியில் கிடைக்கும் மரியாதையே தனி.

1920-களிலும் 30-களிலும் நிலைமை மாறத் தொடங்கியது. 1923 செப்டம்பர் 1-ஆம் தேதி நிகழ்ந்த கான்டோ நிலநடுக்கத்தில் டோக்கியோவின் பெரும்பகுதி அழிந்தது. அங்கிருந்த போன்சாய்த் தோட்டக்காரர்கள் சிலர் திறந்த வெளியும் நல்ல தண்ணீரும் தேடி வடக்கே ஓமியாவுக்குப் போய், 1925 முதல் அங்கே ஒரு போன்சாய்க் கிராமத்தையே உருவாக்கினார்கள். 1934-இல் டோக்கியோவின் உவேனோவில் இருக்கும் கலை அருங்காட்சியகத்தில் கொகுஃபு என்ற போன்சாய்க் கண்காட்சி தொடங்கியது. வீட்டு முற்றத்து விஷயமாக இருந்த போன்சாய் ஓவியம், சிற்பம் வைக்கும் கூடத்துக்குள் நுழைந்தது அப்போதுதான். அதற்கு முன்னின்றவர்களில் முக்கியமானவர் கோமான் மாட்சுதைரா யோரினாகா. பின்னாளில் ஜப்பானிய நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் அவைக்குத் தலைவரானவர். அவருக்குப் பிரியமானவை விரல்நுனியில் ஏந்தக்கூடிய மாமே வகைக் குட்டி மரங்கள். பெரிய மனிதர்களே இப்படிக் குட்டி மரங்களைக் கொண்டாடத் தொடங்கியதும், அவற்றுக்கான தொட்டிகளைத் தேடுவோரும் பெருகினார்கள்.

இங்கேதான் சீனத் தொட்டி கைகொடுக்கவில்லை. கம்பீரமான பைன் மரத்துக்கு யீஷிங் தொட்டி சரி. பத்து சென்டிமீட்டர் உயரத்து மேப்பிளுக்கோ, ஒரே ஒரு காய் தொங்கும் குட்டி ஆப்பிள் மரத்துக்கோ அளவிலும் நிறத்திலும் பொருந்துகிற தொட்டி அதிகம் கிடைக்காது. அந்த இடைவெளியில் கியோட்டோக் குயவர்கள் நுழைந்தார்கள். அவர்களுக்கு அது வாகாகவும் இருந்தது. கியோட்டோவில் சொல்லிக்கொள்ளும்படியான மண்வளம் கிடையாது. ஷிகராகி போன்ற வெளியூர்களிலிருந்து மண்ணை வரவழைத்துக் கலந்துதான் வேலை செய்வார்கள். இன்ன மண்தான் நம் அடையாளம் என்று ஒன்று இல்லாததால், அந்த ஊர் தன் பெயரை வண்ணத்திலும் மெருகிலும் ஓவியத்திலும் சம்பாதித்தது. தேநீர்க் கிண்ணம், சாக்கே என்ற அரிசி மதுவுக்கான குப்பி, தூபக்கலம் என்று சின்னச் சின்னப் பாத்திரங்களில் ஊறிய கைகள் அங்கே ஏராளம்.

சரி, சூளைக்கு வருவோம். கோஜோசாகா என்பது கியோமிசு கோயிலுக்கு ஏறும் வழியில் உள்ள குயவர் பகுதி. அங்கே சரிவில் படிப்படியாக ஏறும் பெரிய விறகுச் சூளைகள் இருந்தன. கீழே அடுப்பு, அதற்கு மேல் வரிசையாகப் பல அறைகள். ஓர் அறையில் எரிந்த அனல் சுவரின் அடியிலுள்ள துளைகள் வழியாக அடுத்த அறைக்கு ஏறும். அறைக்கு அறை பக்கவாட்டில் பைன் விறகு போட்டுச் சூட்டை ஏற்றிக்கொண்டே போவார்கள். இப்படி ஒரு சூளை கட்டி வைத்துக்கொள்ள எல்லாக் குயவருக்கும் வசதி இருக்காது. அதனால் பல வீட்டார் ஒரே சூளையைப் பகிர்ந்துகொண்டார்கள். தங்கள் பாத்திரங்களுக்கு இடம் பிடித்து, அதற்கான பணத்தைக் கட்டினார்கள்.

அந்தச் சூளைகளில் ஒன்றை இன்றும் நேரில் பார்க்கலாம். புகழ்பெற்ற குயவர் கவாய் கான்ஜிரோவின் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. எட்டு அறைகள் கொண்டது. கவாய் அதை 1920-இல் ஐந்தாம் கியோமிசு ரொகுபேயிடமிருந்து வாங்கினார். சொந்தச் சூளை ஆன பிறகும் சுமார் இருபது வீட்டுக் குயவர்கள் அதில் பங்கு வைத்துச் சுட்டார்கள். வீடு 1973 முதல் நினைவில்லமாக இருக்கிறது. கவாயும் 1890-இல் பிறந்தவர்தான். இருவரும் ஒரே நகரத்தில், நடந்தே போய்விடுகிற தூரத்தில் வேலை செய்தவர்கள். கவாய் நாட்டார் கைவினை இயக்கத்தின் தூண்களில் ஒருவர். தம் பாத்திரங்களில் கையெழுத்திடாமல் இருந்தவர், வாழும் தேசியப் பொக்கிஷம் என்ற பட்டம் தேடி வந்தபோது மறுத்தவர். பெயரை வேண்டாம் என்று சொல்ல முதலில் பெயர் இருக்க வேண்டும். மிசுனோவுக்கு அந்த வாய்ப்பே வரவில்லை. குட்டித் தொட்டி செய்பவரைக் கலைஞர் என்று யாரும் எண்ணவில்லை. அவர் தொட்டியின் அடியில் குத்திய முத்திரைதான் அவருக்குக் கிடைத்த ஒரே அறிமுகம்.

பொதுச் சூளையில் அனல் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்காது. அடுப்பை ஒட்டிய இடத்தில் சாம்பல் பறந்து ஒட்டும். ஒரு மூலையில் காற்றோட்டம் அதிகம், இன்னொன்றில் புகை மண்டும். செம்பு கலந்த மெருகு காற்று தாராளமாகக் கிடைத்தால் பச்சையாகும். விறகு அதிகமாகிப் பிராணவாயு போதாமல் புகையும்போது அதே செம்பு சிவப்பாகும். இரும்பு இடத்துக்கு இடம் தேன் நிறமாகவும், பழுப்பாகவும், கறுப்பாகவும், பச்சை கலந்த நீலமாகவும் வரும். சொந்தச் சூளைக்காரர் எந்த மெருகை எங்கே வைப்பது என்று பழகி வைத்திருப்பார். வாடகைக்கு வைப்பவர் இன்றைக்குக் கிடைத்த இடத்துக்குத் தக்கபடி சமாளிக்க வேண்டும். இந்த முறை கீழறை, அடுத்த முறை மேலறை. தீ எப்படி எரிய வேண்டும் என்பதும் அவர் கையில் இல்லை, ஏனென்றால் சூளைக்குள் மற்றவர்களின் கிண்ணங்களும் தட்டுகளும் இருக்கின்றன.

தோஃபுகுஜி தொட்டிகளில் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லாததற்கு இது பெரிய காரணம். ஒரே அச்சில் எடுத்த இரண்டு தொட்டிகளுக்கு ஒரே மெருகைப் பூசியிருந்தாலும், ஒன்று ஆழ்ந்த பச்சையாக இருக்கும், மற்றொன்றில் பச்சைக்குள் செம்மை ஓடியிருக்கும். இப்படிச் சூளைக்குள் தானாக நிகழும் மாற்றத்தை யோஹென் என்கிறார்கள். சேகரிப்பாளர்கள் உயிரை விடுவது இதற்குத்தான். அதற்காக எல்லாம் தற்செயல் என்று சொல்லிவிட முடியாது. எந்த மெருகு தீயின் குணத்துக்கு ஏற்ப நல்லவிதமாக மாறும், எது மாறினால் அசிங்கமாகிவிடும் என்று தெரிந்து பூசியிருந்தால்தான் இத்தனை தொட்டிகள் இத்தனை நன்றாக வந்திருக்கும். கட்டுப்படுத்த முடியாத தீயை அவர் வருடக்கணக்கில் படித்திருக்கிறார்.

மெருகைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஏழு சென்டிமீட்டர் தொட்டியில் மெருகு என்பது பெரிய பாத்திரத்தின் மெருகைச் சின்னதாகப் பூசுவது இல்லை. மெருகு சூட்டில் கண்ணாடிபோல் உருகி இறங்கும். பெரிய ஜாடியில் ஒரு விரற்கடை இறங்கினால் கண்ணுக்கே தெரியாது. குட்டித் தொட்டியில் அது பாதிச் சுவர். இன்னும் கொஞ்சம் இறங்கினால் காலோடு சேர்ந்து தட்டில் ஒட்டிக்கொள்ளும், பிய்த்து எடுக்கும்போது தொட்டி போய்விடும். மேற்பரப்பில் மெல்லிய கோடுகளாக வெடித்துப் படரும் வெடிப்புக்கோடு மெருகு என்றால் கோடுகள் நெருக்கமாக விழ வேண்டும். பெரிய பெரிய கட்டமாக விழுந்தால் தொட்டி உடைந்ததுபோல் இருக்கும். நல்ல தோஃபுகுஜி தொட்டியில் உதட்டு விளிம்பில் மெருகு மெலிந்து அடியிலுள்ள மண்ணின் பழுப்பு லேசாகத் தெரியும். சுவரின் நடுவில் நிறம் முழுசாக நிற்கும். காலுக்குச் சற்று மேலே திரண்டு, தடித்து, அங்கேயே நின்றுவிட்டிருக்கும். நீலத்தில் வெண்மை கசிந்தோடும் நமாகோ, ஆழ்ந்த ருரி நீலம், செம்புப் பச்சையான ஓரிபே, பால்நீலமான கின்யோ, மஞ்சள், வெண்மை என்று அவர் தொடாத நிறம் குறைவு. மெருகில்லாத தொட்டிகளும் செய்திருக்கிறார்.

வடிவங்களும் அப்படித்தான். செவ்வகம், நீள்வட்டம், வட்டம், அறுகோணம், பூவிதழ்போல் மடிந்த விளிம்பு என்று எல்லாம் உண்டு. சக்கரத்தில் வனைந்தவை, அச்சில் எடுத்தவை, கையாலேயே பிடித்தவை மூன்றும் இருக்கின்றன. கோடுகள் வெட்டியதுபோல் கூர்மையாக இருப்பதில்லை. மூலை கொஞ்சம் மழுங்கி, சுவர் மிக லேசாக உப்பி இருக்கும். பழமையேறிய குட்டி மரத்தோடு சேர்த்து வைக்கும்போது இந்த மென்மைதான் கைகொடுக்கிறது. அளவுகோல் வைத்து வரைந்ததுபோன்ற தொட்டியில் குட்டி மரம் பொம்மை மாதிரி தெரிந்துவிடும்.

சின்ன அளவு அவருக்கு இன்னொரு விதத்திலும் உதவியிருக்கும் என்று நினைக்கிறேன். இடத்துக்குக் காசு கொடுக்க வேண்டிய சூளையில் குட்டித் தொட்டி அதிக இடம் கேட்காது. ஒரே முறையில் பல தொட்டிகளை, பல மெருகுகளை வைத்துப் பார்க்கலாம். பத்தில் மூன்று கெட்டுப்போனாலும் தாங்கிக்கொள்ளலாம். அகலமான பெரிய தொட்டி செய்பவருக்கு ஒன்று வெடித்தாலே அந்த மாதத்து வரும்படி போய்விடும்.

குட்டி மரங்களைக் காட்சிக்கு வைக்கும் முறையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒற்றை மரமாக வைப்பது குறைவு. படிப்படியான மரத்தட்டில் ஐந்தாறு மரங்களைச் சேர்த்து வைப்பார்கள். உச்சியில் பெரும்பாலும் பைன், கீழே மேப்பிள், காய்க்கும் மரம், பூக்கும் மரம் என்று ஒரு மலைச்சரிவே அதில் வந்துவிடும். அந்தத் தட்டில் ஒரே நிறத் தொட்டியோ ஒரே வடிவமோ இரண்டு முறை வராமல் பார்த்துக்கொள்வார்கள். ஒரு தட்டுக்கு ஐந்து வெவ்வேறு தொட்டி என்றால், பருவத்துக்கு ஒன்றாக மரங்களை மாற்றிவைக்கும் ஒருவருக்கு எத்தனை தொட்டிகள் வேண்டும்! ஒன்றைப்போல் ஒன்று இல்லாமல் செய்பவரின் தொட்டிகள் இந்த உலகத்தில் முதலிடத்துக்கு வந்ததில் ஆச்சரியம் இல்லை. வாடகைச் சூளை கொடுத்த பன்முகமும், இந்தக் காட்சிமுறை கேட்ட பன்முகமும் கச்சிதமாகப் பொருந்திவிட்டன.

ஆனால் அவருடைய காலம் அவருக்குச் சாதகமாக இல்லை. 1940 ஜூலை 7 முதல் ஆடம்பரப் பொருள்களைச் செய்வதற்கும் விற்பதற்கும் ஜப்பானிய அரசு தடை போட்டது. மிசுனோவுக்கு அப்போது வயது ஐம்பது. ஒரு குயவருக்குக் கையும் கண்ணும் முழுசாகப் பக்குவப்பட்டிருக்கும் வயதில் நாடு போருக்குள் மூழ்கியது. கொகுஃபு கண்காட்சியும் சில வருடங்கள் நின்றுபோனது. போருக்குப் பிறகு வீடுகள் சுருங்கி, தோட்டம் இல்லாதவர்களும் மாடத்தில் குட்டி மரம் வளர்க்கத் தொடங்கியபோது அவர் தொட்டிகளுக்கு மெல்ல ஆதரவு கூடியது. ஆனால் இன்று நாம் கேள்விப்படும் விலைகள் எல்லாம் அவர் காலத்துக்குப் பிறகு வந்தவை.

இதே காலத்தில் வேறொரு ஊர் முற்றிலும் வேறு வழியில் போனது. நகோயாவுக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கிற தோகோனாமே. ஜப்பானின் ஆறு பழைய சூளை ஊர்களில் ஒன்று, 12-ஆம் நூற்றாண்டிலிருந்து பெரிய ஜாடிகள் செய்துவந்தது. இரும்புச்சத்து மிகுந்த மண். மெய்ஜி காலத்தில் வடிகால் குழாய்கள் செய்தே ஊர் செழித்தது. ஒருபுறம் அந்தக் குழாய்களையும் மறுபுறம் பழைய மண் மதுக்குடுவைகளையும் பதித்துக் கட்டிய ஒரு சரிவுப் பாதை இப்போது சுற்றுலா இடமாகிவிட்டது. யீஷிங் முறையில் செந்நிறத் தேநீர்க் கூஜா செய்யக் கற்பதற்காக 1878-இல் ஜின் ஷிஹெங் என்ற சீனரை வரவழைத்ததும் இந்த ஊர்தான். மெருகில்லாத சிவந்த மண்ணைப் பளிச்சென்று முடிக்கத் தெரிந்த கைகள் போன்சாய்த் தொட்டிக்குத் திரும்பியது இயல்பான நகர்வு. போருக்குப் பிந்தைய போன்சாய்ப் பெருக்கத்தில் தோகோனாமே ஜப்பானிலேயே பெரிய தொட்டி உற்பத்தி ஊராக உயர்ந்தது. அச்சு, சொந்தச் சூளை, நிர்ணயித்த அளவுகள், நேர்க்கோடு பிசகாத முடிப்பு என்று எல்லாம் கட்டுக்குள் இருந்தன. அங்கேயும் தனிப்பட்ட கலைஞர்கள் உண்டு. மெருகு வண்ணங்களுக்குப் பேர்பெற்ற அய்பா கோயோ ஒருவர். வயதான பெரிய பைன் மரத்துக்கு ஜப்பானியத் தொட்டி வேண்டுமென்றால் நானும் தோகோனாமேயைத்தான் சொல்வேன். குட்டி மேப்பிளுக்கு என் மனம் கியோட்டோப் பக்கம் சாய்கிறது.

கியோட்டோவின் விறகுச் சூளைகள் மிசுனோவின் காலத்தோடு ஏறக்குறைய முடிந்துவிட்டன. நகரம் வளர்ந்து வீடுகள் நெருங்கியதும் கரும்புகை பிரச்சினையானது. 1968-இல் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. 1970-களின் தொடக்கத்துக்குள் கோஜோசாகாச் சூளைகள் அணைந்தன. குயவர்களில் ஒரு பகுதியினர் மலைக்கு அந்தப் பக்கம் யமாஷினாவுக்குக் குடிபெயர்ந்தார்கள், மற்றவர்கள் மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் மாறினார்கள். புதிய சூளையில் ஒவ்வொரு தொட்டியும் நினைத்தபடி வரும். ஆனால் இருபது வீட்டுப் பாத்திரங்களுக்கு நடுவே கிடைத்த மூலையில் தீ செய்த வேலையை அதில் வரவழைப்பது கஷ்டம். தோஃபுகுஜி மெருகைப் பின்பற்ற முயன்ற பின்வந்த குயவர்கள் நிறமூட்டும் கலவையோடு மட்டும் போராடவில்லை, இல்லாமல் போன ஒரு சூளையோடும் போராட வேண்டியிருந்தது.

விலை ஏறியதும் போலிகளும் வந்தன. தோஃபுகுஜி முத்திரை குத்திய போலித் தொட்டிகள் ஏராளம். அவரே பல வடிவ முத்திரைகளைப் பயன்படுத்தியிருப்பதால் முத்திரையை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. அனுபவசாலிகள் தொட்டியைக் கவிழ்த்து, முத்திரையோடு காலின் வெட்டு, வடிகால் துளையின் ஓரம், உள்சுவரில் விரல் போன விதம், மண்ணின் நிறம் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். அதற்கும் மேலே ஜிதாய் என்று ஒன்று இருக்கிறது. பல்லாண்டுகள் தண்ணீரும் மண்ணும் வெயிலும் கையும் பட்டுப் பட்டுத் தொட்டியின் மேல் ஏறுகிற முதுமை. மெருகின் கண்ணாடிப் பளபளப்பு தணிந்து உள்ளிருந்து ஒளி வருவதுபோல் ஆகும். இதை அவசரப்படுத்திப் பூச்சு வேலைகளால் கொண்டுவரப் பார்ப்பவர்களும் உண்டு, தேர்ந்த கண்கள் பிடித்துவிடும். நல்ல ஜிதாய் ஏறிய தொட்டியைத் தேய்த்துக் கழுவிப் புதுசாக்கினால் மதிப்பில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும்.

இப்படி ஏறிய விலையில் ஒரு சங்கடம் இருக்கிறது. தொட்டிக்கு ஜிதாய் ஏற வேண்டுமானால் அதில் மரம் வளர வேண்டும், தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். மாமே தொட்டியில் கோடைகாலத்தில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை ஊற்ற வேண்டியிருக்கும். வேர் தடித்துச் சுவரை நெருக்கும், உறைபனி வரும், கை தவறும். அதனால் பலர் மரத்தைச் சாதாரணத் தொட்டியில் வளர்த்து, கண்காட்சிக்கு மட்டும் நல்ல தொட்டிக்கு மாற்றுகிறார்கள். சிலர் தொட்டியைப் பெட்டியில் வைத்துப் பூட்டியே வைத்திருக்கிறார்கள். பாதுகாப்பு என்று பார்த்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மிசுனோ வடிகால் துளை போட்டதும், கம்பி கோக்க வழி செய்ததும், உட்புறத்தை மெருகில்லாமல் விட்டதும் அலமாரியில் வைப்பதற்காக இல்லை. கண்காட்சி நடக்கும் அந்தச் சில வாரங்களுக்காவது அவற்றில் மண்ணும் மரமும் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அதற்கான இடமும் அவருடைய ஊரிலேயே இருக்கிறது. ஆண்டுதோறும் ஜனவரியில் கியோட்டோவில் சிறு போன்சாய்களுக்கென்றே காஃபு கண்காட்சி நடக்கிறது. ஜப்பானின் சிறந்த குட்டி மரங்கள் தட்டுத் தட்டாக அணிவகுக்கும். இலையுதிர்த்து நிற்கும் மேப்பிள்களுக்குக் கீழே கியோட்டோக் குயவர்களின் நீலமும் பச்சையும் மஞ்சளும் அந்த மாதத்தில்தான் முழுசாகக் கண்ணுக்குக் கிடைக்கும். இலை மறைப்பு இல்லை, பூ இல்லை, வெறும் கிளையும் தொட்டியும் மட்டும். தோஃபுகுஜி தொட்டியைப் பார்க்க விரும்புகிறவர்கள் இலையுதிர் காலத்தைவிட அந்தக் குளிர்காலத்தில் போவதே நல்லது.